துடைத்த படம், துடைக்காத படம்

எனக்கு அழுக்கு ஆகாது. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நான் தேடுவது கையெழுத்துப் புத்தகத்தை அல்ல, துடைக்கிற துணியை. மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். விரல் கறுத்தால் அன்றைக்கு எல்லோருக்கும் ஏச்சு விழும். எக்ஸ்ரே பகுதியில் எனக்குப் பின்னால் அவர்கள் வைத்திருந்த பெயர் 'சீலைத்துண்டு மிஸ்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஓய்வு பெற்ற என்னிடம் ஆஸ்பத்திரியில் கேட்டபோது, இயந்திரங்களைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைய கருவிகளை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். சோம்பலால் வந்த பிழை அல்ல அது. சுத்தம் பார்க்கப் போய் வந்தது.

சண்டையை நிறுத்திவிட்டுச் சமாதானம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் மார்பகப் படம் எடுக்கும் பொறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. வெளிநாட்டில் எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி தங்களுக்குப் பழசாகிவிட்டது என்று கொடுத்தது. அதோடு படம் பதிகிற டிஜிட்டல் தட்டுகளும், தட்டைப் படிக்கிற கருவியும், ஒரு கணினியும் வந்தன. படத்தை எடுப்பது நான். பார்த்துச் சொல்லும் நிபுணர் கொழும்பில். படங்களைச் சீடியில் பதிந்து கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிடுவோம். அவருடைய முடிவு ஃபக்ஸில் வரும். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி, அந்தச் சீடி என்னைவிட அதிக தடவை சோதிக்கப்பட்டிருக்கும்.

எங்கள் தலையிடி தூசி. வாவிக் காற்று ஒரு பக்கம், முன் றோட்டில் ஓடும் இராணுவ வாகனங்கள் கிளப்பும் புழுதி ஒரு பக்கம், கரண்ட் போனால் ஓடுகிற ஜெனரேற்றரின் புகை இன்னொரு பக்கம். தட்டில் ஒரு தூசி இருந்தால் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். எவ்வளவு துடைத்தாலும் நாலைந்து புள்ளிகள் இருந்தே தீரும்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து முடிவுகளோடு ஒரு குறிப்பும் வந்தது. 'மட்டக்களப்புப் படங்களில் ஈ எச்சம் போட்டதுபோல் கிடக்கிறது. அங்கே தட்டுகளைத் துடைப்பது வழக்கமில்லையா?'

துடைப்பது வழக்கமில்லையா என்று என்னைக் கேட்டார்! அன்றைக்கு நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. நேரே கணினியின் முன்னால் போய் உட்கார்ந்து, படத்தைச் செப்பம் செய்யும் மென்பொருளை ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தேன். அதில் சின்னப் புள்ளிகளைத் தேடிப்பிடித்து அழிக்கிற ஒன்று இருந்தது. கணினி பொருத்த வந்த பொறியியலாளர் நெஞ்சுப் படத்தில் அதைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். மார்பகப் படத்தில் பாவிக்கலாமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அழுத்தினேன். படம் அப்போதுதான் தோய்த்துக் காயப்போட்ட வெள்ளைச் சேலை மாதிரி வந்து நின்றது.

அடுத்த கிழமை வந்த குறிப்பில், 'இப்போது படங்கள் மிகவும் நன்றாக இருக்கின்றன' என்று இருந்தது. நான் அதை வெட்டி, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் அந்தப் பொத்தானை அழுத்தாமல் அனுப்பியதில்லை.

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மார்பகப் புற்றுநோய் சில பேரில் மணல்மணலாகச் சுண்ணாம்புத் துகளாகத்தான் முதலில் தெரியும், அது இந்த மனிசிக்குத் தெரியாதா? தெரியும். படித்தவள்தான், பரீட்சையில் எழுதியவள்தான். ஆனால் புள்ளி என்றாலே தூசி என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. ஒருவரிடம் ஏச்சு வாங்கினால் அந்த ஏச்சு மறுபடி வராமல் பார்ப்பதே வேலை என்று ஆகிவிடும், பிள்ளைகளே. எனக்கு அப்படி ஆனது.

அந்த நாட்களில்தான் தங்கேஸ்வரி வந்தாள். கரடியனாற்றுப் பக்கம். எருமை வைத்திருந்தாள், செங்கலடிச் சந்தைக்குத் தயிர் கொண்டுவந்து விற்பவள். கட்டி ஒன்றும் இல்லை, நோவும் இல்லை. அவளுடைய அக்கா மார்புப் புற்றுநோயில் செத்துப்போனதால், செங்கலடியில் கிளினிக் நடத்திய டொக்டர் அவளையும் படம் எடுக்க அனுப்பியிருந்தார்.

பொறியின் பலகைகளுக்கு இடையில் மார்பை வைத்து அழுத்தும்போது பல பேர் அழுவார்கள். அவள் என்னை ஏசினாள்.

"என்ன கா இது, பிட்டுக்கு மாக் குழைக்கிற மாதிரி அமத்துறீங்க? இதக் கண்டுபுடிச்சவன் ஆம்புளதான், என்ன?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு படம் எடுத்தேன். பொத்தானை அழுத்திப் புள்ளிகளைத் துடைத்தேன். அனுப்பினேன். இரண்டு கிழமையில் ஃபக்ஸ் வந்தது. நோய்க்குரிய அடையாளம் எதுவும் இல்லை.

அதை வாசித்துச் சொன்னபோது, ஏசிக்கொண்டிருந்த அந்த மனிசி அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று நாள் கழித்து ஒரு எவர்சில்வர் வாளி நிறையத் தயிரோடு வந்தாள்.

"சீனி போடாமத் தின்னிப் பாருங்க மிஸ். எங்கட எருமை. வாளி இரிக்கட்டும், மறுகா சந்தைக்கு வரக்குள்ள எடுப்பன். அக்கா எனக்குக் கலியாணத்துக்குத் தந்த வாளி, கவனம்."

மூடியில் அவளுடைய பெயரும், கீழே 'அன்பளிப்பு அக்கா' என்றும் வெட்டியிருந்தது. நானும், என்னோடு அந்த அறையில் உதவியாளராக இருந்த நஸீமா ராத்தாவும் தயிரைப் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். அவ்வளவு நல்ல தயிரை நான் அதற்கு முன் தின்றதில்லை. வாளியைத் தேய்த்துக் கழுவி அலுமாரியில் வைத்தேன். அவள் எடுக்க வரவில்லை. சண்டை மறுபடி தொடங்கி, செங்கலடிக்கு அப்பால் கறுத்தப் பாலத்தோடு பாதையை மூடிவிட்டார்கள். அவளுடைய ஊர் இருந்த அந்தப் பக்கத்திலிருந்து ஷெல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை, நஸீமா ராத்தா ஒரு தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். காத்தான்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. என் ஏச்சுக்குப் பயப்படாத ஒரே ஆள்.

"மூண்டாம் நம்பர்த் தட்டில கீறல் ஒண்டு கிடக்கு மிஸ். நான் போடல்ல. எப்ப இருந்து கிடக்கெண்டு பாத்துப் போட்டு மறுகா ஏசுங்க."

எப்போதிருந்து என்று பார்க்கப் பழைய படங்களைத் திறக்க வேண்டும். துடைத்த படத்தில் கீறல் தெரியாது. ஆனால் கணினி ஒவ்வொரு படத்தின் துடைக்காத பிரதியையும் தனியாக வைத்திருக்கும். கணினியில் இடம் போதாது என்பதால் இரண்டு மாதம் ஆனதும் அது தானாகவே அழிந்துவிடும். அந்தப் பிரதிகளை நாங்கள் யாரும் திறந்து பார்த்ததே இல்லை. அவற்றைத் திறந்து மூன்றாம் தட்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தங்கேஸ்வரியின் படம் வந்தது. கீறல் இல்லை. ஆனால் இடது மார்பில், பால் குழாய் போகிற வழியில், அரிசிக் குறுணி சிந்தியதுபோல ஆறேழு புள்ளிகள். தூசி என்று கடந்துவிட்டேன். இரண்டு படம் தள்ளிப் போனவள் திரும்பி வந்தேன். ஏன் திரும்பினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய பக்கவாட்டுப் படத்தைத் திறந்தேன். அது வேறு தட்டில், ஐந்தாம் தட்டில் எடுத்தது. அதே இடத்தில் அதே குறுணி.

ஒரு தட்டில் விழுந்த தூசி இன்னொரு தட்டிலும் அதே இடத்தில் போய் விழாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி உங்களிடம் ஒளிக்க மாட்டேன். நான் கணினியை மூடினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க ஒரே யோசனை: இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. முடிவில் கையெழுத்துப் போட்டது கொழும்பு டொக்டர். அவள் இருப்பது மூடின பாதைக்கு அந்தப் பக்கம். உயிரோடு இருக்கிறாளோ, அதுவும் தெரியாது. வருகிற செவ்வாய்க்கிழமையோடு அந்தப் படம் தானாகவே அழிந்துவிடும். நான் பொய் சொல்லத் தேவையில்லை, எதையும் மறைக்கத் தேவையில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். அந்த யோசனை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

காலையில் வந்து துணியை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். வாளி இருந்தது. நான் தேய்த்த தேய்ப்பில் என் முகமே அதில் தெரிந்தது. அவள் நன்றி சொல்லிக் கொண்டுவந்ததைத் தின்றிருக்கிறேன். அந்த நன்றி எதற்கென்று நினைத்ததும் எடுத்த துணியை மறுபடி கீழே வைத்தேன். நஸீமா ராத்தாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் என்னை அழ விட்டார், ஆனால் கனநேரம் விடவில்லை.

"அவ உசிரோட இரிக்காவா எண்டு முதல்ல பாப்பம் மிஸ். அதுக்கு மறுகா நாம ரெண்டு பேரும் இரிந்து அழலாம்."

முதலில் துடைக்காத படங்களை எல்லாம் சீடியில் பதிந்தேன். பிறகு கொழும்பு டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். செய்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொத்தானை எப்போதிருந்து அழுத்துகிறீர்கள்?" என்றார்.

"உங்கட குறிப்பு வந்த நாளில இருந்து, சேர்."

ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

"அவ்வளவு தூசி இருந்த இடம் ஒரே கிழமையில் எப்படிச் சுத்தமானது என்று நானும் கேட்டிருக்க வேண்டும்" என்றார். "இருக்கிற எல்லாத் துடைக்காத படங்களையும் அனுப்புங்கள். படம் அழிந்துபோனவர்களின் பெயரை எழுதுங்கள், திரும்ப எடுப்போம். முதலில் அந்தப் பெண்ணைத் தேடுங்கள்."

அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எங்கே தேடுவது? அதற்குள் ஷெல்லுக்குப் பயந்து அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து, மூட்டை முடிச்சோடு கறுத்தப் பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. செங்கலடியிலிருந்து தன்னாமுனை வரைக்கும் பள்ளிக்கூடம், கோயில் வளவு, வெறும் தரை என்று பார்க்கிற இடமெல்லாம் தறப்பாள் கூடாரம். சனிக்கிழமை நானும் நஸீமா ராத்தாவும் புறப்பட்டோம். முதல் முகாமில் பதிவுப் புத்தகத்தில் தங்கேஸ்வரி என்று நாலு பேர். ஒருத்தியும் எங்கள் ஆள் இல்லை. இரண்டாவதில் பதிவே முடியவில்லை. மூன்றாவது தன்னாமுனையில். அங்கே ஒலிபெருக்கி இருந்தது.

ஒலிபெருக்கியில் என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். ஆஸ்பத்திரியிலிருந்து தேடுகிறோம், மார்புப் படம் எடுத்த பெண் வரவும் என்று ஆயிரம் பேருக்கு நடுவில் சொல்ல முடியுமா? ஒரு பெண் அதைக் கேட்டால் வரமாட்டாள். கூடாரத்துக்குள் இன்னும் உள்ளே போய் ஒளிவாள். புருசன் என்ன நினைப்பான், பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிற நேரம் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள். இது இன்றைக்கும் உங்களுக்கு வருகிற சிக்கல்தான். நான் நாலு விதமாக எழுதி நாலையும் கிழித்தேன். அறிவிப்புச் செய்கிற தம்பி என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

நஸீமா ராத்தா என் கையிலிருந்த பையைப் பார்த்தார். வாளியைக் கொண்டுவந்திருந்தேன், ஏன் என்று கேட்டால் தெரியாது, அலுமாரியில் அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

"வாளி கிடக்கெண்டு சொல்லச் சொல்லுங்க மிஸ். எல்லாத்தையும் உட்டுட்டு வந்த மனிசி. அக்கா குடுத்த வாளி எண்டா ஓடி வருவா."

அந்தத் தம்பி ஒலிபெருக்கியில் சொன்னான்: "பேர் வெட்டின சில்வர் வாளி ஒண்டு இங்க கிடக்கு. 'அன்பளிப்பு அக்கா' எண்டு இரிக்கு. கரடியனாறு தங்கேஸ்வரி இரிந்தா வந்து எடுக்கவும்."

இரண்டு தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுக்கும்போது கூடாரங்களுக்கு நடுவிலிருந்து அவள் ஓடி வந்தாள். மெலிந்து கறுத்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. வாளியை வாங்கி மூடியைத் தடவிப் பார்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எருமையெல்லாம் போயிற்று மிஸ். ஊடும் போயிற்று. இது ஒண்டுதான் மிச்சம்."

அந்த நேரத்தில் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். வேறு நாள் பார்க்கலாமா என்று எனக்குள்ளே ஒரு குரல் கெஞ்சியது. ஒரு மாமர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அன்றைக்குச் சொன்ன முடிவு பிழை, படத்திலிருந்ததை நான்தான் தூசி என்று அழித்தேன், அது தூசியாக இல்லாமல் இருக்கலாம், உடனே வரவேண்டும். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

அவள் வாளியை மண்ணில் வைத்தாள்.

"அக்காட வருத்தமா?"

"இன்னும் தெரியா. ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுவா இரிந்தாலும் ஆக ஆரம்பத்தில நிக்குது."

"அப்ப எண்ட தயிர முழுக்கத் திண்டிட்டு இப்பதான் சொல்லுறீங்களா?"

கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். நஸீமா ராத்தா அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குத் தொடத் துணிவு வரவில்லை. கொஞ்ச நேரம் போக, அவளாகவே எழும்பி, "எப்ப வரோணும்?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை வந்தாள். துண்டு எடுத்துப் பார்த்ததில் அது புற்றுநோய்தான். ஆனால் பால் குழாயைத் தாண்டி வெளியே வராமல் நின்றிருந்தது. இடம்பெயர்ந்த பெண்ணைக் கொழும்புக்கு அனுப்புவது அந்த நாட்களில் லேசான வேலை இல்லை. ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு கடிதம்; எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் முகம் சுளிக்காமல் எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். கொழும்பில் நஸீமா ராத்தாவின் தங்கை வீட்டில் தங்கிச் சிகிச்சை எடுத்தாள். மார்பை முழுக்க எடுக்கவேண்டி வரவில்லை. கதிர்ச் சிகிச்சையும் முடித்துக்கொண்டு, போனதைவிடக் கொஞ்சம் தடித்துத் திரும்பி வந்தாள்.

மற்றவர்களையும் திரும்பக் கூப்பிட்டோம். துடைக்காத படம் இருந்தவர்களில் வேறு ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. படம் அழிந்துபோனவர்களுக்குக் கடிதம் போட்டோம். கனபேர் வந்தார்கள், சுகமாகத் திரும்பிப் போனார்கள். மூன்று பேர் வரவே இல்லை. அந்த மூன்று பெயரும் எனக்கு இன்னும் மனப்பாடம். பஸ்ஸில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

சுவரில் ஒட்டியிருந்த பாராட்டுக் குறிப்பைக் கிழித்தேன். பொத்தானைக் கணினியிலிருந்து எடுத்துவிடச் செய்தோம். அதன் பிறகு எங்கள் படங்கள் மறுபடியும் தூசியோடுதான் போயின. தட்டுகளை முன்னைவிட இரண்டு மடங்கு துடைத்தோம். அதையும் மீறி விழுந்த புள்ளியை வட்டம் போட்டு, 'இது தூசி என்று நினைக்கிறேன், மற்றத் தட்டில் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். கொழும்பு டொக்டர் ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை.

தங்கேஸ்வரி வருசா வருசம் வருவாள். சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பி, ஒரு எருமையில் தொடங்கி மறுபடி பட்டி சேர்த்துவிட்டாள். அழுத்தும்போது அதே ஏச்சு. படம் திரையில் வந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எனக்குப் பின்னால் நின்று கேட்பாள்:

"இது துடைச்ச படமா, துடைக்காத படமா?"

"துடைக்காத படம். இஞ்ச பாருங்க, மூலையில தூசி."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத்தான் வாளியை மேசையில் வைப்பாள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அந்த வாளி வெறுமையாக வந்ததில்லை.

போன மாதம் எனக்கே மார்பில் ஒரு நோவு. அதே அறைக்குப் போனேன். புதுப் பொறி, புதுக் கணினி. படம் எடுத்தவள் உங்களில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன். என்னை அவளுக்குத் தெரியாது. அழுத்தும்போது நான் கத்தினேன். தங்கேஸ்வரி சொன்னது முழுக்க உண்மை. திரையில் படம் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான படம் பார்த்ததில்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுடைய மேசைக்குக் கிட்டப் போனேன்.

"பிள்ளை, இது துடைச்ச படமா, துடைக்காத படமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனால் மறுமொழி சொல்வதற்கு முன், பக்கவாட்டில் எடுத்த இரண்டாவது படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு துடைக்காத பிரதி இரண்டையும் திறந்து கீழே வைத்தாள். நாலையும் ஒன்றின் பின் ஒன்றாக, அவசரப்படாமல் பார்த்தாள்.

"துடைச்சதும் துடைக்காததும் ஒண்டுதான் அம்மா, ஒரு புள்ளியும் இல்ல. ஒண்டும் மறைஞ்சு போகல்ல. நீங்களே பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.